யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டாத அறை: புற்றுநோயாளிகளுக்கான மனநல ஆலோசனைச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

மதுரையில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனை, தன்னிடம் சிகிச்சை பெறுவோருக்காக மனநல ஆலோசனைப் பிரிவு ஒன்றை நடத்தி வருகிறது. சென்ற ஐப்பசியிலிருந்து இந்த ஆடி வரை அங்கே 11 முறை சென்று வந்திருக்கிறேன். எனக்கு வயது 32. இடப்பக்க மார்பில் புற்றுநோய். காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டு ஆறு வயது மகளோடு இருக்கிறேன். உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் மதிப்புரை எழுதுகிற நாம் இத்தகைய சேவையைப் பற்றி எழுதுவதில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் மூன்று மாதங்கள் தெரியாமலே போயிற்று. மருத்துவமனையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே இருப்பவர் ஒரே ஓர் ஆலோசகர் என்பதால், நான் சொல்லப்போகும் குறைகள் எல்லாம் அவர் ஒருவர் தலையில் விழுந்துவிடும். என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆலோசனை எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் சேவையை மதிப்பிட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்ட கட்டி அது. ஊசி போட்டுச் சதை எடுத்த ஒன்பதாம் நாள், பரிசோதனை நிலையம் ஒன்றின் நடையில், வரிசையில் நின்றவர்கள் காதுபட, "கேன்சர்தான், சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக் கையில் உறையைக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். பின்னால் நின்ற அம்மாளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றதும், மகளுக்குப் பள்ளி விடும் நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. மற்றது எதுவும் நினைவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் விசாரிக்க வருவோர் தொடங்கினார்கள். எங்கள் வீடு முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நீண்டு கிடக்கும் வீடு. அதில் ஒரு கட்டில் நாங்கள் இருக்கிறோம், மற்றவை பங்காளிகளுடையவை. நல்லது கெட்டதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தாமே வந்துவிடுவார்கள். அந்த ஒற்றுமையை நான் மதிக்கிறேன். பணத்துக்கும் ரத்தத்துக்கும் ஓடியவர்கள் அவர்கள்தாம். ஆனால் வந்த ஆச்சிமார் ஒவ்வொருவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்ததும் அழுதார்கள். "இந்த வயசுல உனக்கா வரணும்" என்று கேட்டார்கள். அவர்கள் கையைப் பிடித்து, "ஒண்ணும் இல்லை ஆச்சி, ஆரம்பத்துலேயே பார்த்தாச்சு, சரியாப் போயிடும்" என்று ஆறுதல் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியது நான். தையல் பிரிக்காத பக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரு நாளில் ஏழு பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். என்னைப் பெற்ற ஆத்தா என் எதிரில் அழக் கூடாது என்று கொல்லைக்குப் போய் அழுவார். திரும்பி வந்ததும் அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். அப்பச்சி, அதாவது என் அப்பா, பேச்சையே விட்டுவிட்டார். கணவர் கணக்குப் பார்ப்பதும் வண்டி ஏற்பாடு செய்வதுமாக ஓடிக்கொண்டே இருந்தார். நின்றால் உடைந்துவிடுவார் என்று தெரிந்ததால் நான் அவரை நிறுத்தவில்லை. இப்படியே மூன்று மாதங்கள் போயின. தூக்கம் போனது. குன்றக்குடி விபூதியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

இரண்டாவது கீமோவுக்குச் சென்றபோது, ஊசி ஏற்றிய செவிலியர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் உடல்வெப்பமானி போல ஒரு படம். 0 முதல் 10 வரை கோடுகள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனத்துயரம் எந்த அளவு என்று குறிக்க வேண்டும். கீழே தூக்கம், பணம், குழந்தைகள், பயம் என்று நீளும் பட்டியலில் பொருந்துவதற்கு எதிரே குறியிட வேண்டும். புற்றுநோயாளியின் மனத்தைத் தனித்துக் கவனிக்கும் துறை 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜிம்மி ஹாலந்து என்னும் மனநல மருத்துவரின் முயற்சியால் உருப்பெற்றது என்றும், இன்று உலகெங்கும் புழங்கும் இந்தத் தாள் அதன் வழிவந்தது என்றும் பிறகு ஆலோசகர் சொல்லித் தெரிந்துகொண்டேன். 4 அல்லது அதற்கு மேல் குறித்தால் ஒருவர் அழைத்துப் பேச வேண்டும் என்பது முறை. நான் 3 என்று குறித்தேன். அடுத்த நாற்காலியில் எழுபது வயது ஐயா ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைவிட எனக்கு என்ன துயரம் என்று தோன்றியதால் குறித்த எண் அது. ஆனால் கீழே இருந்த பட்டியலில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் குறியிட்டிருக்கிறேன். ஆலோசகர் எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்து அழைத்தார். இந்தச் சேவையின் மீது எனக்கு வந்த முதல் மதிப்பு அதுதான்.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்தகத்துக்குப் பின்னால், பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த சிறிய அறை. இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். மேசையில் மூடிபோட்ட எவர்சில்வர் சொம்பும் டம்ளரும் இருக்கும். முதல் நாள் நான் வழக்கம்போல, "பரவாயில்லை மேடம், வீட்டுல எல்லாரும் நல்லாப் பார்த்துக்கிறாங்க, நான் தைரியமாத்தான் இருக்கேன்" என்று ஒப்பித்தேன். அவர் தலையசைத்தார். பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சற்று நேரம் கழித்து, "நான் அழ மாட்டேன். என்னைத் தேத்த வேண்டிய வேலை உங்களுக்கு இங்க கிடையாது" என்றார். அந்தப் பேச்சு எங்கேயோ போய்த் தொட்டது. முக்கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் அழுதேன். அவர் எழுந்து வந்து தோளைத் தட்டவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் கைக்கு எட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நோய் தெரிந்த நாளிலிருந்து என் எதிரில் உட்கார்ந்த ஒருவருக்கு நான் ஆறுதல் சொல்லத் தேவைப்படாத முதல் முக்கால் மணி நேரம் அது. இந்தச் சேவையைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் முதன்மையான செய்தி இதுவே. அன்புள்ளவர்கள் நிறைந்த வீட்டிலும் இது கிடைக்காது. அன்புள்ளவர்கள் என்பதாலேயே கிடைக்காது.

இரண்டாம் அமர்வில் அவர் என்னை நோயின் பெயரைச் சொல்லச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் வீட்டில் யாருமே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'கட்டி', 'அந்த வியாதி', 'மதுரைக்குப் போற விஷயம்' என்பார்கள். அப்பத்தா காலத்தில் இந்தப் பக்கத்தில் யாருக்காவது புற்றுநோய் என்றால் 'அடையாறுக்குப் போயிருக்காக' என்று சொல்லிக் குரலைத் தாழ்த்துவார்களாம், ஊர்ப்பெயரே நோய்ப்பெயராகிவிட்டது. அடையாற்றில் அந்தப் புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, எங்களுக்கு அடுத்த புதுக்கோட்டையில் பிறந்தவர். தன் தங்கையை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் வாய்விட்டுச் சொல்லியிராவிட்டால் அந்தக் கட்டடம் எழுந்திருக்காது என்று பேருந்தில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். அன்று அறையில், "எனக்கு மார்பகப் புற்றுநோய்" என்று முழுமையாகச் சொல்ல எனக்கு நாலு தடவை முயல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு, யார் செய்த பாவம், யார் கண் பட்டது, மகளுக்கு எட்டு மாதத்திலேயே பாலை நிறுத்தியதாலா என்று உள்ளே கிடந்தவை எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. எதையும் அவர் அவசரப்பட்டுத் தள்ளவில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொடுத்தார், தன்னிடம் பேச வேண்டியதைத் தனியே பிரித்தார். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழியாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகிறது என்பதும், இளவயதில் வந்திருப்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது தங்கைக்கும் பயன்படும் என்பதும் அப்படித்தான் மருத்துவரிடமிருந்து தெரிய வந்தன. முடிவில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தபோது, என்னைவிடத் தங்கை ஓங்கி அழுதாள்.

விசாரிக்க வருவோரைச் சமாளிக்க அவர் கற்றுக்கொடுத்தது மிக எளிமையானது. ஆளுக்கேற்றபடி மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முள் சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடி என்பவருக்கும், சர்க்கரையை விட்டால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்பவருக்கும், கவுனி அரிசி மட்டும் சாப்பிடு என்று இரண்டு கிலோ கொண்டுவந்த சித்தப்பாவுக்கும் ஒரே வாக்கியம்: "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடறேன்." அழுபவருக்கு, "எனக்குக் கொஞ்சம் படுக்கணும், ஆத்தாகிட்ட பேசிக்கிட்டு இருங்க." யாரோ ஒருவருக்கு இதே நோய் வந்து இறந்த கதையைத் தொடங்குபவருக்கு, "அதைக் கேட்க எனக்கு இப்பத் தெம்பில்லை." இந்த மூன்றாவதை என்னால் பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்றேன். வற்புறுத்தவில்லை, அதைச் சொல்லும் பொறுப்பைக் கணவருக்குக் கொடுக்கலாமே என்றார். அன்று முதல் ஓடிக்கொண்டே இருந்த அவருக்கும் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கிடைத்தது.

தூக்கத்துக்காக அவர் சொன்ன வழியை முதலில் நான் நம்பவில்லை. நாள்தோறும் மாலையில் 20 நிமிடம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் மனத்தில் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும்; இரவில் கவலை வந்தால், நாளை மாலைக்கு என்று தள்ளிப்போட வேண்டும். எழுத நோட்டுப் புத்தகம் தேடியபோது, மேல்மாடி அறையில் ஐயா காலத்துச் சிட்டைகளோடு எழுதப்படாத நீளச் சிட்டை ஒன்று கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, ஓரத்தில் அந்து அரித்த பழுப்புத் தாள். கணக்கு எழுதும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது கையில் வந்ததும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கத்தான் தோன்றியது. இடப்பக்கம் என்னால் ஏதாவது செய்ய முடிகிறவை: ஸ்கேன் தேதி, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர், மகளின் பள்ளிக் கட்டணம். வலப்பக்கம் என்னால் ஒன்றும் செய்ய முடியாதவை. முதல் வாரத்தில் வலப்பக்கம் மூன்று தாள்களுக்கு ஓடியது. 'அவள் பெரியவளாகும்போது நான் இருப்பேனா' என்ற ஒரே வரியை ஐந்து நாட்களும் எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் குறையவே இல்லை என்பதை இங்கே உண்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வரி வந்தபோது, அது சிட்டையில் இருக்கிறது என்ற நினைவு எப்படியோ என்னைத் திரும்பப் படுக்க வைத்தது. ஒரு மாதத்தில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிந்தது.

அதற்கு மேல் முன்னேறாதபோது, தன்னால் ஆவது இவ்வளவுதான் என்று அவரே சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார். இதை நான் பெரிய நிறையாகக் கருதுகிறேன். மாத்திரை என்றதும் வீட்டில், 'பைத்தியத்துக்குக் கொடுக்கறது' என்று ஒரு பேச்சு எழுந்தது. எனக்குமே கூச்சமாக இருந்தது. அந்த மருத்துவர் எழுதுவதற்கு முன் என் புற்றுநோய் மருத்துவரிடம் பேசி, பின்னாளில் எனக்குத் தமாக்ஸிஃபென் என்ற புற்றுநோய் மாத்திரை தரப்போவதை உறுதி செய்துகொண்டார். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்வதைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்து வேறொன்றைக் கொடுத்தார். வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கும் பெண்கள், தாம் சாப்பிடும் புற்றுநோய் மருந்தின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மகளிடம் சொல்வதற்கான அமர்வைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் சிறு குழந்தைகளின் தாய்மாருக்கு இதைவிட முக்கியமானது ஒன்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஊசி போட்டுக்கொள்ள மதுரைக்குப் போகிறாள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். சில வாரங்களாக அவள் என் மடியில் உட்காருவதில்லை, பக்கத்தில் படுப்பதில்லை, நான் குடித்த டம்ளரைத் தொடுவதில்லை. அறுவைப் புண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆலோசகர் அன்று என்னைத் தாயாகவே இருக்கச் சொல்லித் தான் என் மகளாகி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு என்ன?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து சொற்களைத் தேடினோம். நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லலாம். அது தொட்டால் ஒட்டாது. அவள் செய்த எதனாலும் அது வரவில்லை. அம்மா படுத்திருக்கும் நாட்களில் அவளுக்குத் தலைபின்னுவது அப்பத்தா, பள்ளிக்குக் கூட்டிப்போவது அவள் அப்பச்சி. சரியாகிவிடும் என்று சத்தியம் செய்யாமல், டாக்டர்கள் நல்ல மருந்து கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். அன்று இரவே வளவுத் தூணோரம் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உன் டம்ளர்ல தண்ணி குடிச்சா எனக்கு வராதா?" என்றாள். வராது என்றேன். எழுந்து போய் என் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து என் எதிரிலேயே குடித்துக் காட்டிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தாள். வகுப்பில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறது; இரண்டு மாதங்களாக அவள் அதை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாள்.

முடி விஷயம் எல்லோரும் எதிர்பார்ப்பது. முதல் கீமோ முடிந்த பதினேழாம் நாள் சீப்போடு வரத் தொடங்கி, ஒரு வாரத்தில் போய்விட்டது. பழனிக்கு முடியிறக்கியதாகச் சொல்லிவிடு என்று மாமியார் சொன்னபோது நல்ல யோசனையாகவே பட்டது; இரண்டு இடங்களில் அப்படியே சொன்னேன். சாமி பேரில் பொய் சொன்ன உறுத்தல் கீமோ வயிற்றுப் புரட்டலோடு சேர்ந்துகொண்டது. மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. புள்ளிகள் என்று நாங்கள் சொல்லும் குடும்பங்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடி, 21 இழை நூலைத் திரியாக்கி இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, மூத்தவர் கையால் அந்தச் சுடரோடு வாங்கி உண்ணும் நாள். தவறவிட எனக்கு மனமில்லை. எத்தனை மணிக்குப் போவது, எந்தத் தூணோரம் உட்காருவது, கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது, தாங்க முடியாவிட்டால் எந்த அறையில் போய்ப் படுப்பது என்று அந்த அமர்வு முழுவதும் நாங்கள் வழி வகுத்தோம். கடைசியில் தலையில் ஒரு பருத்தித் துணியை மட்டும் கட்டிக்கொண்டு போனேன். பழனி என்று சொல்லவில்லை. வாய்ப்புண் ஆறாததால் மாவின் ஒரு நுனியை மட்டும் கிள்ளி வாங்கிக்கொண்டேன். இழை எடுத்துக்கொடுத்த பெரிய ஐயா ஒன்றும் கேட்கவில்லை.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், சேவை தாமதமாக வந்து சேர்வது. நோய் தெரிந்த நாளுக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட வாரங்கள்தாம் மிகக் கொடியவை; அப்போது இப்படி ஒரு பிரிவு இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நேர்ந்த ஓர் இழப்பை நான் இன்னும் கடக்கவில்லை. கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கக்கூடும். இன்னொரு குழந்தை வேண்டுமென்று நினைப்பவர்கள் கீமோ தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டு வாரங்களில் சினைமுட்டைகளை எடுத்து உறைய வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம், உயிர் பிழைத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். நான் ஆலோசகரிடம் சென்றபோது இரண்டு கீமோ முடிந்திருந்தது. அவர் என்னிடம், கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது தவறுதான் என்று நேராகச் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன், ஆனால் அது அந்த இடத்தை நிரப்பாது. நாற்பது வயதுக்குட்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பேச்சு முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போதுதான் நோய் தெரிந்திருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

மாதம் ஒரு முறை நடக்கும் குழுச் சந்திப்பை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. வருபவர்கள் எல்லாம் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். பேரன் பேத்தி, முழங்கால் வலி, மகன் வீட்டில் இருப்பதா மகள் வீட்டில் இருப்பதா என்ற பேச்சு. "நாங்க வாழ்ந்து முடிச்சவங்க, உன்னைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது" என்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து அழுதார். மறுபடி ஆறுதல் சொல்லும் வேலை என்னிடமே வந்தது. ஆலோசகரிடம் இதைச் சொன்னதும், சிகிச்சையில் இருந்த இளம்பெண்கள் ஐவரின் சம்மதம் பெற்று வாட்ஸ்அப் குழு ஒன்று ஏற்படுத்திக் கொடுத்தார். அது மிக நன்றாக இருந்தது. கீமோ நாட்களில் எது வாய்க்குப் பிடிக்கிறது என்பதிலிருந்து, மாமியாரிடம் எதைச் சொல்வது என்பது வரை பேசினோம். மாசியில் அதில் ஒரு பெண் இறந்துபோனார். அவர் கணவர் அவருடைய எண்ணிலிருந்தே செய்தி அனுப்பினார். அவர் படத்தோடு, அவர் பெயரில் அந்தச் செய்தி வந்து நின்றதை என்னால் விவரிக்க முடியவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்பதற்கான முன்னேற்பாடு எதுவும் அந்தக் குழுவுக்கு இல்லை. மூன்றாம் நாள்தான் ஆலோசகர் எங்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார், விடுப்பில் இருந்திருக்கிறார். ஒரே ஆளை நம்பி நடக்கும் சேவையில் அந்த ஆள் விடுப்பில் போவதும் தவறில்லை, நாங்கள் அந்த மூன்று நாட்களில் தவித்ததும் பொய்யில்லை.

அந்த மூன்று நாட்களில் இரண்டாவது இரவு, நான் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட சேவை அது; கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் புற்றுநோய் பற்றி அதிகம் அறிந்தவராகத் தெரியவில்லை. ஆனால் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார், இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே வைத்தார். நள்ளிரவில் வளவில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

உடலைப் பற்றிய பேச்சை அவர் ஏழாவது அமர்வில்தான் தொடங்கினார். இன்னும் முன்பே தொடங்கியிருக்கலாம். நானாகக் கேட்டிருக்க மாட்டேன், எங்கள் வளர்ப்பு அப்படி. ஒரு மார்பு எடுக்கப்பட்ட பிறகு நிலைக்கண்ணாடியை நான் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். உள்ளாடைக்குள் வைக்கும் பஞ்சுத் திண்டைக் காரைக்குடியில் ஒரு தையற்காரப் பெண்மணி என் அளவுக்குத் தைத்துக் கொடுத்திருந்ததால் வெளியாருக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது தாலியால்தான். திருமணமான நாள் முதல் நடுவில் கிடந்த சரடு, இப்போது சமமில்லாத மார்பில் நிற்காமல் இடப்பக்கம் சரிந்து தழும்பின் மேலேயே போய்க் கிடக்கும். நாளைக்கு நூறு தடவை நடுவில் எடுத்து விடுவேன். இதை அவரிடம் சொன்னபோது, கணவரிடம் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை. அடுத்த அமர்வுக்கு இருவரையும் அழைத்தார். என் மீது அருவருப்பு வந்து கணவர் விலகிப் படுக்கிறார் என்று நான் நினைத்திருக்க, தழும்பில் கை பட்டால் வலிக்குமோ என்று பயந்து அவர் விலகியிருக்கிறார். இரண்டு பேரும் ஐந்து மாதங்களாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதைப் பேசவில்லை. தாலி சரிவதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல், அந்த அறையிலேயே, ஆலோசகர் எதிரிலேயே, கையை நீட்டி அதை எடுத்து நடுவில் விட்டார். அது மறுபடி சரிந்தது. மறுபடி எடுத்து விட்டார்.

நடைமுறைச் செய்திகள் சில. முதல் அமர்வு இலவசம், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய்; கீமோவுக்கு வரும் நாளிலேயே நேரம் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் காத்திருக்க நேரிடுகிறது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமர்வு முடிந்த உடனே அத்தனை தூரம் நின்றுகொண்டு வர முடியாது, ஒருவர் துணைக்கு வருவது நல்லது. பலகைத் தடுப்பு வழியாக மருந்தகத்தில் பெயர் கூப்பிடுவது கேட்கும்; நாம் பேசுவது அங்கே கேட்குமோ என்ற அச்சம் எனக்குக் கடைசிவரை போகவில்லை, இதை நிர்வாகம் எளிதாகச் சரிசெய்யலாம். அந்த வெப்பமானித் தாளின் தமிழ் கடினமானது; 'ஆன்மிக இடர்ப்பாடு' என்பதற்கு எதிரே நான் பொருள் விளங்காமல்தான் குறியிட்டேன். கோவிலுக்குப் போகப் பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்டிருந்தால் கொப்புடை அம்மன் சந்நிதியில் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நாட்களைச் சொல்லியிருப்பேன். தொலைபேசி வழி அமர்வும் உண்டு, ஆனால் எங்களைப் போலக் கூட்டாக இருக்கும் வீட்டில் தனியாகப் பேச இடம் கிடைப்பது அரிது. நான் இருமுறை கொல்லைக் கிணற்றடியில் நின்று பேசிப் பார்த்து விட்டுவிட்டேன்.

கதிர்வீச்சும் முடிந்து இப்போது தமாக்ஸிஃபென் மட்டும் சாப்பிடுகிறேன். சிகிச்சை முடிந்ததும் விசாரிக்க வருவது நின்றுவிட்டது. எல்லோரும் நான் பழையபடி ஆகிவிட்டதாக எண்ணுகிறார்கள். ஆனால் முதுகில் சிறிது வலித்தாலும் அங்கேயும் வந்துவிட்டதோ என்று உடல் வியர்க்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இந்தப் பிரிவு தொடர்ந்து நேரம் கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை, நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வலப்பக்க மார்பின் மேமோகிராமும் மற்றப் பரிசோதனைகளும் புரட்டாசியில் இருக்கின்றன. அதற்கு முந்தைய நாள் காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்கி, சிட்டையில் இடப்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.